பீல் கவுன்ரி: கோடும் கச்சேரியும் ஒரே வளவில்

பீல் என்றால் எங்கட சனத்துக்கு முதலில் ஞாபகம் வருவது பொலிஸ்தான். வேகமாகக் கார் ஓட்டி ரிக்கற் வாங்கினவர்களுக்கு அந்தப் பெயர் நல்லாகத் தெரியும். வீட்டு வாசலில் குப்பைத் தொட்டி வைக்கிறவர்களுக்கும் தண்ணீர்ப் பில் கட்டுகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் இந்தப் பீல் என்பது ஊரா, மாவட்டமா, மாகாணமா என்று கேட்டால் முப்பது வருசமாக இங்கே இருக்கிறவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். "மிசிசாகாவும் பிரம்ரனும் சேர்ந்ததுதானே" என்பார்கள். கலிடனை மறந்துவிடுவார்கள்.

ஊரில் இருந்த காலத்தில் நாங்கள் எங்கள் சுற்றாடலின் சரித்திரத்தை நுனிவிரலில் வைத்திருந்தோம். நல்லூர்ச் சங்கிலியனின் தோரண வாயில், யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் மாற்றிக் கட்டிய கதை, பழைய கச்சேரி, பழைய பூங்கா எல்லாம் தெரியும். இங்கே வந்த பிறகு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் வகுப்பு என்று ஓடி, காலுக்குக் கீழே இருக்கிற மண்ணின் கதையைக் கேட்காமலே பலர் வாழ்ந்து முடிக்கிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்களில் பெரும்பாலானோர் கனடாவில் முதன்முதலாகக் கால் வைத்தது ரொறன்ரோவில் அல்ல, பீலில்தான். விமான நிலையத்தின் பெயரில் ரொறன்ரோ இருந்தாலும் அதன் பெரும்பகுதி நிற்பது மிசிசாகா எல்லைக்குள், பழைய மோல்ரன் கிராமத்துக்குப் பக்கத்தில். "நான் அகதி" என்று நாங்கள் சொன்ன அந்தத் தரை, பழைய பீல் கவுன்ரியின் கமக்காரர்கள் உழுத தரை.

கடன் ஆறு

முதலில் புவியியலைச் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் மீதி விளங்கும்.

பீலை ஒரு நீண்ட பாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கு ஓரம் ஒன்ராறியோ ஏரி. அங்கிருந்து வடமேற்காக நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து போகும். நடுவில் பிரம்ரன் சமவெளி, களிமண், நல்ல கோதுமை விளைந்த பூமி. இன்னும் வடக்கே கலிடனில் நயாகரா மலைச்சரிவு குறுக்கே வரும். நயாகரா நீர்வீழ்ச்சி எந்தப் பாறை விளிம்பிலிருந்து விழுகிறதோ அதே விளிம்புதான் இங்கேயும் வந்து நிற்கிறது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,250 சதுர கிலோமீற்றர்.

இந்த நிலத்தை வகிர்ந்துகொண்டு ஓடுவது கிரெடிற் ஆறு. ஒரேஞ்வில் பக்கம் மலைச்சரிவுக்கு மேலே பிறந்து, ஸ்ரீற்ஸ்வில் வழியாக வந்து, போட் கிரெடிற்றில் ஏரியில் விழுகிறது. கிரெடிற் என்றால் கடன்தான். ஐரோப்பிய வியாபாரிகள் ஆற்றின் வாயிலில் மிசிசாகா ஆதிக்குடிகளுக்குப் பொருட்களைக் கடனாகக் கொடுப்பார்கள். அடுத்த பருவத்தில் தோல் கொண்டுவந்து அவர்கள் கடனைத் தீர்ப்பார்கள். நம்பிக் கொடுக்கிற இடம் என்பதால் ஆற்றுக்கு அந்தப் பெயர்.

நம்பினவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1805 இல் ஏரிக்கரை நிலத்தை மிசிசாகா மக்கள் பிரித்தானிய முடிக்கு விட்டுக்கொடுக்க உடன்பட்டார்கள். ஆற்றின் இரு கரையிலும் ஒவ்வொரு மைல் அகல நிலம் தங்களுக்கு என்று வைத்துக்கொண்டார்கள். 1818 ஒக்ரோபரில் அஜெற்றான்ஸ் என்ற தலைவரின் காலத்தில் அதற்கு வடக்கே 648,000 ஏக்கர் கைமாறியது. அதற்குக் கிடைத்தது வருடம் 522 பவுண் 10 சிலிங் பெறுமதியான பொருட்கள். இன்றைய பிரம்ரனும் கலிடனின் பெரும்பகுதியும் மிசிசாகாவின் வடபாதியும் இந்த நிலத்தில்தான் இருக்கின்றன. 1820 இல் ஆற்றங்கரை நிலமும் போனது. 200 ஏக்கர்தான் மிச்சம்.

1826 இல் அந்தத் துண்டில் அவர்கள் ஒரு கிராமம் கட்டினார்கள். பீற்றர் ஜோன்ஸ் என்ற, ஆதிக்குடித் தாய்க்கும் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் பிறந்த போதகர் அவர்களை வழிநடத்தினார். வீடு, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் இருந்தன. ஆனால் சுற்றிவரக் குடியேற்றம் இறுகியது. தங்கள் நிலத்துக்குச் சட்டப்படியான உறுதி தாருங்கள் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1847 இல் ஆறு தேசத்தார் கொடுத்த நிலத்துக்கு, ஹேகர்ஸ்வில் பக்கம், எழும்பிப் போனார்கள். அவர்களுடைய பழைய கிராமம் இருந்த இடத்தில் இன்றைக்குக் கோல்ஃப் மைதானம்.

உறுதி இல்லாத காணி எப்படிப் போகும் என்று எங்களுக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. பீலின் சரித்திரம் ஒரு இடம்பெயர்வோடுதான் தொடங்குகிறது என்பதை, இடம்பெயர்ந்து வந்த நாங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சதுரம் சதுரமாக

1819 இல் நில அளவையாளர்கள் வந்தார்கள். ரிச்சட் பிறிஸ்ரல் சங்கிலி பிடித்து அளந்தார். அதற்குப் பணம் போட்டவர் ரிமத்தி ஸ்ரீற். கூலியாகக் காணியே கிடைத்தது. ஸ்ரீற்ஸ்வில் என்ற பெயர் இவரிடமிருந்து வந்தது, தெருவிலிருந்து அல்ல.

அளவையின் முதுகெலும்பு ஹுரொன்ராறியோ வீதி. ஹுரோன் ஏரிக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் இடையில் போடத் திட்டமிட்ட வீதி என்பதால் இரண்டு பெயரையும் ஒட்டிவிட்டார்கள். இந்த வீதிக்குக் கிழக்கே எத்தனையாவது வரிசை, மேற்கே எத்தனையாவது வரிசை என்றுதான் காணிகளுக்கு இலக்கம். ஒரு துண்டு 200 ஏக்கர். இன்றைக்கும் இந்தப் பக்கத்து வீட்டு உறுதியைப் பிரித்துப் பார்த்தால் சில இடங்களில் அந்தப் பழைய வரிசை இலக்கம் எழுதியிருக்கும். பிரம்ரனில் பெரிய வீதிகள் ஒன்றையொன்று ஏன் இப்படி நேர்கோணத்தில், ஒரே இடைவெளியில் வெட்டுகின்றன என்று யோசித்திருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

ரொறன்ரோ, ரொறன்ரோ கோர், சிங்குவாகூசி, கலிடன், அல்பியன் என்று ஐந்து ரவுன்ஷிப்கள் உருவாகின. ரொறன்ரோ ரவுன்ஷிப் என்பது ரொறன்ரோ நகரம் அல்ல, இன்றைய மிசிசாகா. 1967 இல் அந்த ரவுன்ஷிப் நகரமாகும்போது எந்தப் பெயர் வைக்கலாம் என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். மிசிசாகாவா, ஷெரிடனா? மிசிசாகா வென்றது. 120 வருசத்துக்கு முன் எழுப்பி அனுப்பப்பட்ட மக்களின் பெயர், அவர்கள் இல்லாத நிலத்துக்கு வாக்குப் போட்டுச் சூட்டப்பட்டது. 1968 இல் அது மிசிசாகா நகரமானது.

தலையூர்ச் சண்டை

1849 இல் கனடாவில் ஒரு முக்கியமான சட்டம் வந்தது. றொபேட் போல்ட்வின் கொண்டுவந்ததால் போல்ட்வின் சட்டம் என்பார்கள். ஊர்களும் ரவுன்ஷிப்களும் கவுன்ரிகளும் தங்கள் சபைகளைத் தாங்களே தெரிவு செய்யலாம், வரி விதிக்கலாம், வீதி போடலாம். அதற்குப் பிறகு 1850களின் தொடக்கத்தில் பீல் கவுன்ரி, பிரித்தானியப் பிரதமராக இருந்த சேர் றொபேட் பீலின் பெயரில், யோர்க் கவுன்ரியோடு ஒட்டியிருந்த கூட்டுக் கவுன்ரியாக வந்தது. கோடும் சிறையும் பதிவுக் கந்தோரும் ரொறன்ரோவில். கலிடனில் இருக்கிற கமக்காரர் ஒருவர் காணிப் பிணக்குக்காக வண்டி கட்டி ரொறன்ரோ போய் வருவதென்றால் நாட்கணக்கு. வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் இன்னொருமுறை.

ஆகவே யோர்க்கிலிருந்து பிரியவேண்டும் என்று ஒரு கூட்டம். பிரிந்தால் கோட்டுக்கும் சிறைக்கும் கட்டிடம் கட்ட வரி கூடும், வேண்டாம் என்று இன்னொரு கூட்டம். பிரிவதென்றால் தலையூர் எது என்று மூன்றாவது சண்டை. ஸ்ரீற்ஸ்வில் பழைய ஊர், ஆலைகள் நிறைந்த ஊர். மோல்ரன் ரொறன்ரோவுக்குக் கிட்ட. பிரம்ரன் நடுவில்.

ஒரு ஊருக்குக் கோடு வந்தால் என்னவெல்லாம் வரும் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்புக்காத்து வருவார், பிரக்கிராசி வருவார், நொத்தாரிசு வருவார், சாட்சிக்கு வந்தவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வரும், குதிரைக்குக் கொட்டில் வரும். கோடு போன ஊர் வளரும், போகாத ஊர் தூங்கும்.

முதலில் 1859 இல் மோல்ரன் தெரிவானது. அங்கே ஊர் வரைபடம் எல்லாம் போட்டுக் காணிகளைத் துண்டு பிரித்தார்கள். ஆனால் அது நிலைக்கவில்லை. கடைசியில் பிரம்ரன் பறித்துக்கொண்டது. பிரம்ரன் அந்தக் காலத்தில் பெரிய ஊரல்ல. இரண்டு வீதிகள் சந்திக்கிற இடத்தில் ஒரு சாராயக் கடை இருந்ததால், கடைக்காரர் வில்லியம் பஃபியின் பெயரால் பஃபி சந்தி என்று கூப்பிட்ட இடம். இங்கிலாந்தின் கம்பலண்டிலிருந்து வந்த ஜோன் எலியட் தன் ஊர்ப் பெயரை இதற்கு வைத்தார். நாங்கள் வீட்டுக்கு "நல்லூரான்", கடைக்கு "வல்வை" என்று வைக்கிற மாதிரித்தான். 1853 இல் கிராமமாகவும் 1873 இல் நகரமாகவும் ஆனது.

பிரம்ரன் வென்றதற்குக் காரணம் தேடினால் வரைபடத்தைப் பார்த்தால் போதும். 1856 இல் கிறாண்ட் ட்ரங்க் ரயில் ரொறன்ரோவிலிருந்து மோல்ரன், பிரம்ரன் வழியாகக் குவெல்ஃபுக்குப் போனது. ஸ்ரீற்ஸ்வில்லுக்கு ரயில் வந்தது 1879 இல்தான், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த விருந்தாளி போல. மோல்ரனுக்கு ரயில் இருந்தது, ஆனால் அது கவுன்ரியின் கிழக்கு ஓரம். வடக்கே கலிடன், அல்பியன் ஆட்களுக்கு ரொறன்ரோ போவதற்கும் மோல்ரன் போவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரயிலும் இருந்து, ஹுரொன்ராறியோ வீதியிலும் இருந்து, நடுவிலும் இருந்தது பிரம்ரன் ஒன்றுதான்.

தலையூர்ப் பட்டத்தை இழந்த மோல்ரன் பிறகு எழுபது வருசம் சிறு கிராமமாகவே கிடந்தது. 1937 இல் அதன் பக்கத்துக் கமங்களை விமான நிலையத்துக்காக வாங்கினார்கள். 1939 இல் பயணிகள் விமானம் வரத் தொடங்கியது. கோட்டை இழந்த ஊருக்கு உலகமே வந்து இறங்கியது. எங்களையும் சேர்த்து.

ஒரு வளவு, மூன்று கட்டிடம்

1867 இல் பீல் தனிக் கவுன்ரியானது. கனடாக் கூட்டாட்சி பிறந்த அதே வருடம். பிரம்ரன் நடுவில் மெயின் வீதியும் வெலிங்ரன் வீதியும் சந்திக்கும் இடத்தில் கோட்டுக் கட்டிடமும் பக்கத்திலேயே சிறையும் எழும்பின. கோட்டை வரைந்தவர் வில்லியம் கோஃப்மன் என்ற கட்டிடக் கலைஞர். வெனிஸ் நகரத்துக் கோதிக் பாணி என்கிறார்கள். உயர்ந்த கூர் வளைவு யன்னல்கள், உச்சியில் ஒரு குவிந்த கோபுரம். சுற்றிவர மரவீடும் தொழுவமும் இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதிகாரம் தன்னைக் கல்லில் காட்டிக்கொள்ளும் வழக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

நீதிபதி அமர்கிற அதே கட்டிடத்தில்தான் கவுன்ரிச் சபையும் கூடியது. ஒவ்வொரு ரவுன்ஷிப்பிலும் கிராமத்திலும் மக்கள் தெரிவு செய்த றீவ் என்ற தலைவர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரைக் கவுன்ரியின் தலைவராகத் தெரிவு செய்வார்கள். அந்தத் தலைவருக்குப் பெயர் வோர்டன். விடுதி வோர்டன் இல்லை, சிறை வோர்டனும் இல்லை. அதே வளவில் காணிப் பதிவுக் கந்தோரும் இருந்தது. ஆக உறுதி எழுதுவதும், வரி போடுவதும், வழக்குக் கேட்பதும், ஆளை அடைப்பதும் ஒரே மதிலுக்குள். கோடும் கச்சேரியும் மறியலும் ஒரே வளவில்.

வாக்கு எல்லாருக்கும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சொத்துள்ள ஆண்களின் சபை அது. அந்த மண்ணின் முந்தைய சொந்தக்காரர்களுக்கு அதில் இடமே இல்லை.

சிறை 1977 வரை இயங்கியது. அதன் முற்றத்தில் மூன்று பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இன்றைக்குக் கோடு, சிறை, பதிவுக் கந்தோர் மூன்றும் சேர்ந்து அருங்காட்சியகம், கலைக்கூடம், ஆவணக் காப்பகம். 1986 இல் பாரம்பரிய நிலையமாகத் திறந்து, பெரிதாக்கி 2012 இல் பாமா என்ற பெயரோடு மறுபடி திறந்தார்கள். சிறைக் கூடுகளில் சிலவற்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்க் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர்கள் உள்ளே புகுந்து படம் எடுத்துச் சிரித்தார்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். எங்களில் சிலருக்குச் சில அறைகளின் அளவு உடம்பில் எழுதியிருக்கிறது.

கவுன்ரி செய்த இன்னொரு வேலை எனக்குப் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில், போக்கிடம் இல்லாத முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் பிரம்ரனில் ஒரு உழைப்பு மற்றும் அடைக்கல இல்லம் கட்டினார்கள். உடம்பில் பலம் உள்ளவர்கள் அங்கேயே தோட்ட வேலை செய்யவேண்டும். அது சொகுசான இடமல்ல, அங்கே போய்ச் சேர்வதை அவமானமாக நினைத்த காலம். ஆனாலும், தன் எல்லைக்குள் ஒருவர் நடுவீதியில் சாகக்கூடாது என்பதை வரிப்பணத்தில் செய்யவேண்டிய கடமையாக ஒரு கமக்காரச் சபை ஏற்றுக்கொண்டது. பீலின் இன்றைய முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கு வேர் அங்கேதான்.

அதே ராணி, வேறு ஆட்சி

1867 என்றவுடன் எனக்கு இன்னொரு ஆள் ஞாபகம் வருகிறார். பேர்சிவல் அக்லண்ட் டைக். யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபர். 1829 முதல், இடையில் ஒரு சிறு இடைவெளியோடு, 1867 இல் கோப்பாயில் இறக்கும்வரை வடமாகாணத்தை ஆண்டவர். வடக்கின் ராசா என்றே அவரைச் சொன்னார்கள். கச்சேரியும் பழைய பூங்காவும் அவர் பெயர் சொல்லும். நல்ல நிர்வாகி என்பதை மறுப்பவர் இல்லை. ஆனால் அவரை எவரும் தெரிவு செய்யவில்லை. கொழும்பு அனுப்பியது, லண்டன் ஒப்புக்கொண்டது.

ஒரே விக்ரோறியா ராணி. பிரம்ரனில் கமக்காரர்கள் தங்களுக்குள் சண்டை பிடித்து, வாக்குப் போட்டு, தாங்களே வரி விதித்துக் கோடு கட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றையும் கச்சேரியில் ஒரு துரை தீர்மானித்தார். வெள்ளைக்காரக் குடியேற்றத்துக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு இன்னொரு சட்டம். துரை போன பிறகும் அந்தக் கச்சேரிப் புத்தி போகவில்லை. மேலிருந்து ஆள் அனுப்பி ஆள்வது சுதந்திர இலங்கைக்கும் பழகிப்போனது. 1981 ஜூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதிகாரம் குறைந்த சபைதான், என்றாலும் ஊரவன் தெரிவு செய்யும் சபை. அதற்குச் சில நாள் முன்னர், மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாண மாநகர சபையின் நூலகம் 97,000 வரையான நூல்களோடு எரிந்தது. உள்ளூராட்சி என்ற சொல்லைக் கேட்டால் இங்கே பிறந்தவர்களுக்கு நித்திரை வரும். எங்களுக்கு வரக்கூடாது.

வழக்கு ஏன் தாமதம்?

பிரம்ரன் கோடு கனடா முழுவதையும் ஒருமுறை உலுக்கியது பலருக்குத் தெரியாது.

பீல் வேகமாக வளர்ந்தது, ஆனால் கோட்டு அறைகள் வளரவில்லை. 1983 இல் அஸ்கோவ் என்பவரும் வேறு மூவரும் கப்பம் பறிக்கச் சதி செய்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். 1984 செப்ரெம்பரில் விசாரணைக்கு அனுப்பப்பட்டார்கள். 1985 ஒக்ரோபருக்குத் திகதி கொடுத்தார்கள். அன்றைக்கும் எடுக்க நேரமில்லை, 1986 செப்ரெம்பருக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நியாயமான காலத்துக்குள் விசாரிக்கப்படும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, பிரம்ரன் தாமதம் அதை மீறுகிறது என்று 1990 ஒக்ரோபரில் தீர்ப்பு வந்து வழக்கு நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து ஒரு வருடத்துக்குள் ஒன்ராறியோவில் 47,000க்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் நிறுத்தப்பட்டன அல்லது மீளப்பெறப்பட்டன.

இதை வாசித்தபோது எனக்கு இரண்டு மனம். அடி வாங்கினவன், பணம் பறிகொடுத்தவன் கோட்டு வாசலில் நின்று "எனக்கு என்ன நீதி?" என்று கேட்டிருப்பான். அவன் கேள்வி நியாயமானது. ஆனால் 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், வழக்கே இல்லாமல் வருசக் கணக்காக மறியலில் கிடந்த பொடியன்களையும், அவர்களுக்குச் சோற்றுப் பார்சலோடு அலைந்த தாய்மாரையும் கண்டவன் நான். குற்றம் சாட்டப்பட்டவனை இரண்டு வருசம் காக்க வைத்தது அரசின் பிழை என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்வது எனக்குச் சின்ன விசயமில்லை.

2000 இல் ஹுரொன்ராறியோ வீதியில் புதிய பெரிய கோடு திறந்தார்கள். பீலின் அரச வழக்குரைஞராக இருந்த கிறென்வில் டேவிஸ், அவர் மகனும் 1971 முதல் 1985 வரை ஒன்ராறியோ முதல்வராக இருந்தவருமான வில்லியம் டேவிஸ் இருவரின் பெயரும் அதற்கு. அங்கேயும் நெரிசல் தீரவில்லை. குடியுரிமை எடுத்த சில வருசத்தில் எனக்கு ஜூரிக் கடிதம் வந்து அந்தக் கட்டிடத்துக்குப் போனேன். பஞ்சாபி அம்மா, யமேக்காப் பெரியவர், போர்த்துக்கேயக் கொத்தனார், பக்கத்தில் நான். என்னை எடுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதனின் தலைவிதியைத் தீர்மானிக்க என்னையும் தகுதியானவன் என்று ஒரு அரசு கூப்பிட்டது, என் வாழ்க்கையில் முதல்தடவை. பத்து நாள் வரைக்கும் ஜூரிக்குச் சம்பளம் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது!

பத்து மூன்றான கதை

மேலே சொன்ன வில்லியம் டேவிஸ் பிரம்ரன்காரர். பீல் கவுன்ரியை இல்லாமல் செய்ததும் அவருடைய அரசாங்கம்தான். 1974 ஜனவரி 1 முதல் கவுன்ரி முடிந்து பீல் பிராந்தியம் பிறந்தது. அதுவரை இருந்த பத்து உள்ளூராட்சிகள் மூன்றாக ஒடுங்கின: மிசிசாகா, பிரம்ரன், கலிடன். பொலிஸ், தண்ணீர், பெரிய வீதிகள், கழிவு, முதியோர் இல்லம் எல்லாம் பிராந்தியத்துக்கு. கலிடனுக்கு மட்டும் இன்றுவரை மாகாணப் பொலிஸ்.

ஸ்ரீற்ஸ்வில் விருப்பமில்லாமல் விழுங்கப்பட்டது. அப்போது அதன் மேயர் ஹேசல் மக்கலியன். எதிர்த்துப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அதே மிசிசாகாவுக்கு 1978 முதல் 2014 வரை அவரே மேயர். மிசிசாகா தன் வரிப்பணத்தால் மற்றவர்களைத் தாங்குகிறது, பிரிந்து போகவேண்டும் என்று கடைசிவரை சொன்னார். 2023 ஜனவரியில் 101 வயதில் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் பீலைக் கலைக்கும் சட்டம் அவர் பெயரிலேயே நிறைவேறியது. 2025 ஜனவரியில் மூன்றும் தனித்தனி என்றார்கள். பிரம்ரனும் கலிடனும் கணக்குக் கேட்டன. எங்கள் பணத்தில் கட்டிய குழாயும் நிலையங்களும் யாருக்கு? ஆறு மாதம்தான். 2023 டிசெம்பரில் மாகாண அரசு பின்வாங்கி, பீலைக் கலைப்பதில்லை என்றது. வீதி, தண்ணீர், கழிவு, நிலத் திட்டமிடல் ஆகியவற்றை யார் செய்வது என்ற பேச்சு மட்டும் தொடர்ந்தது. 2024 ஜூலையில் நிலத் திட்டமிடல் பிராந்தியத்தின் கையிலிருந்து போனது.

கவனித்தீர்களா? 1850களில் "யோர்க்கிலிருந்து பிரிந்தால் வரி கூடுமா?" என்று சண்டை. 2023 இல் "பீலிலிருந்து பிரிந்தால் வரி கூடுமா?" என்று அதே சண்டை. ஒரு வித்தியாசம் மட்டும். 1971 இல் பீலில் இரண்டரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட சனம். 2021 கணக்கெடுப்பில் 1,451,022. அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருக்கிறோம்.

இருக்கிறோம் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2021 ஜனவரி 8 இரவு யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் இடிக்கப்பட்டது. அதே மாதம் பிரம்ரன் மாநகர சபை தன் நிலத்தில் ஒரு நினைவுத் தூபிக்கு இணங்கித் தீர்மானம் எடுத்தது. இலங்கை அரசின் எதிர்ப்பைத் தாண்டி 2025 மே 10 இல் சிங்குவாகூசிப் பூங்காவில் அது திறக்கப்பட்டது. பாராளுமன்றமும் ஐ.நா. சபையும் செய்யாததை ஒரு மாநகர சபை செய்தது. பனி வழிக்கிற அதே சபை. எங்கட சனம் போய்ப் பேசியது, வாக்குள்ள சனம் என்பதால் அவர்கள் கேட்டார்கள்.

சிங்குவாகூசி என்பது ஆதிக்குடி மொழிச் சொல். இளம் பைன் மரங்கள் நிற்கும் இடம் என்று பொருள் சொல்வார்கள். நிலத்தை இழந்தவர்களின் சொல் ஒட்டிய பூங்காவில், நிலத்தை இழந்த இன்னொரு சனத்தின் நினைவுக் கல். அங்கே பூ வைக்கப் போகிறவர்கள் அந்தப் பெயருக்கும் ஒரு நிமிடம் தலை குனிந்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒன்ராறியோவில் நாலு வருசத்துக்கு ஒருமுறை ஒக்ரோபரில் உள்ளூராட்சித் தேர்தல் வரும். ஒட்டாவாத் தேர்தலுக்குக் கொடி பிடிக்கிற எங்கட சனம் இதற்கு வீட்டில் இருந்துவிடும். பிரம்ரனில் 2022 இல் நாலில் ஒருவர்கூடச் சரியாக வாக்குப் போடவில்லை என்பது வெட்கமான விசயம். எட்டாத தூரத்தில் இருந்த கோட்டைக் கிட்டக் கொண்டுவர அந்தக் கமக்காரர்கள் பத்து வருசத்துக்கு மேல் சண்டை பிடித்தார்கள். எங்களுக்கு அது பத்து நிமிட கார் ஓட்டத்தில் இருக்கிறது. போய்ப் போடுங்கள்.